பதினேழாவது கிலோமீட்டர்

நவம்பர் 6, புதன்

வேலுச்சாமி மாமாவிடம் இன்று நான் சொல்லாமல் விட்டது: "கார் நின்றபோது நீங்கள் அங்கே இல்லை, மாமா."

சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா அப்போதுதான் தன் தம்பிக்கு இரண்டாவது டம்ளர் காபியை வைத்துவிட்டு, அவர் பேசுவதைக் கேட்பதற்காகச் சுவரோரம் நின்றிருந்தாள். அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. தவிர, ஒருவர் சம்பவ இடத்தில் இல்லை என்பது அவர் தீர்ப்புச் சொல்வதற்குத் தடையாக இருந்த வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். உடுமலையிலிருந்து தாராபுரம் சாலையில் முப்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரி. சரியாகப் பாதி வழியில், பதினேழாவது கிலோமீட்டரில், கார் நின்றுவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை, உதறல்கூட இரண்டே முறைதான். பேசிக்கொண்டிருந்த ஒருவர் வாக்கியத்தின் நடுவில் எழுந்து போய்விட்டதுபோல. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து, நான் எதுவும் செய்யாமலே, ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியது.

கல்லூரியில் வருகைக்காக விரல் வைக்கும் இயந்திரம் 9.21 என்று காட்டியது. ஒன்பதுக்கு இருக்க வேண்டும். நூலக உதவியாளராகச் சேர்ந்த எனக்கு நவம்பர் முப்பது வரை தகுதிகாண் காலம். மூன்று தாமதத்துக்கு ஒரு கடிதம். கடிதத்துக்குப் பிறகு ஒரு தாமதம் வந்தால் வேலை நிரந்தரமாகாது. இதுவரை உடன் வேலை பார்ப்பவளின் காரில் போய்வந்தேன். அவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். பேருந்தில் இரண்டு மாறி, கடைசியில் நடந்து, ஒன்பதே முக்காலுக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. அதனால்தான் இன்று முதல் அப்பாவின் கார்.

காருக்கு வயது இருபத்து மூன்று. எனக்கு இருபத்தாறு. எங்கள் இருவரைப் பற்றியும் வீட்டில் ஒரே கவலைதான்: இன்னும் எத்தனை நாள் இப்படியே வைத்திருப்பது.

மாமாவிடம் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி இரண்டு இருக்கிறது. ஆகவே பூமிக்கு மேலே ஓடும் வாகனங்களும் அவருக்கு அத்துப்படி.

"கிளட்ச்சு மேலயே காலை வெச்சிருக்கும் மச்சான்," என்றார் அப்பாவிடம், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க. "பொம்பளப் புள்ளைங்க அத்தன பேரும் அப்படித்தானுங்க. காலு அங்கயே கெடக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு நாளும் நின்னதில்லையே, கண்ணு."

அதுவும் உண்மைதான். ஓய்வு பெற்ற பிறகு அப்பா அந்தக் காரைச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் எடுக்கிறார். இரண்டும் மூன்று கிலோமீட்டருக்குள்.

நவம்பர் 7, வியாழன்

அதே இடம், அதே இருபது நிமிடம். 9.19.

இன்று இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்து இருக்கைக்குக் கீழே மடக்கி வைத்தே ஓட்டினேன். கியர் மாற்றும்போது மட்டும் வெளியே விட்டேன். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

நவம்பர் 9, சனி

நேற்று விடுப்பு. இன்று சாகுல் அண்ணனின் பட்டறை. அப்பா மில்லில் சூப்பர்வைசராக இருந்த காலத்திலிருந்து இந்தக் காருக்கு அவர்தான் வைத்தியர். பானட்டைத் திறந்தார், தலையை உள்ளே விட்டார், ஒரு மணி நேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். நான்கு கிலோமீட்டர்.

"கார்புரேட்டர்ல அழுக்கு, பாப்பா. தொடச்சாச்சு. இனி மதுரைக்கே போலாம்."

"பதினேழு கிலோமீட்டர்லதான் நிக்குது அண்ணா. ஒரு தடவ அவ்வளவு தூரம் ஓட்டிப் பாத்தரலாமுங்களா?"

"நாலு கிலோமீட்டர் ஓடுற வண்டி நாப்பதும் ஓடும் பாப்பா."

நான்கு நாள் பட்டினி கிடந்தவன் நாற்பது நாளும் கிடப்பான் என்பதைப் போன்ற தர்க்கம். ஆனால் அண்ணன் அதைச் சொல்லும்போது கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டே சொல்லப்படும் எதையும் மறுத்துப் பேச முடிவதில்லை.

நவம்பர் 11, திங்கள்

அரை மணி முன்னதாகவே கிளம்பினேன். பதினேழாவது கிலோமீட்டரில் நின்றது. முன்கூட்டிக் கிளம்பியதால் கல்லூரிக்கு 8.52. தாமதம் இல்லை. மதுரை வரைக்கும் போகக்கூடிய கார் என்பதால் நான் பதற்றப்படவும் இல்லை.

நிற்கிற இடத்தைப் பற்றி இதுவரை எழுதவில்லை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வேம்படியில் ஓர் இளநீர்க் கடை. கடைக்காரி மாராத்தாள், நாற்பது வயது இருக்கலாம். மூன்றாம் நாளாகப் பார்ப்பதால் உறவாகிவிட்டாள்.

"நேத்தே வருவீன்னு பாத்தேன்," என்றாள்.

"நேத்து ஞாயித்துக்கெழம அக்கா."

"ஓ, வண்டிக்கும் லீவு உடறாங்களா."

இருபது நிமிடமும் சும்மா உட்கார விடமாட்டேன் என்கிறார்கள். ஒரு பெண் பானட்டைத் திறந்து வைத்திருந்தால் தமிழ்நாட்டில் எந்த இருசக்கர வாகனமும் தாண்டிப் போகாது போலிருக்கிறது. புதன்கிழமை வந்தவர் ஒரு பாட்டில் தண்ணீரை என்ஜின் மேல் ஊற்றினார். வியாழக்கிழமை வந்தவர் பேட்டரி முனையைக் கல்லால் தட்டினார். இன்று வந்தவர் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் போதும் என்றார், கையிலும் வைத்திருந்தார். மூன்று பேர் வைத்தியமும் பலித்தது. மூன்று பேரும் என்னை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள். சூட்சுமம் வைத்தியத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது: பதினெட்டாவது நிமிடத்துக்குமேல் வந்து எதைச் செய்தாலும் கார் கிளம்பும். ஐந்தாம் நிமிடத்தில் வருபவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் தோற்றுத்தான் போக வேண்டும்.

நாளைக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போகிறேன். பொழுது போக வேண்டுமே.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் நாற்பது பக்கம். மாலையில் திரும்பும்போதும் அதே இடத்தில் நின்றது (பாதி வழி என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் பாதி வழிதான்). மாலையில் முப்பத்தைந்து பக்கம். மாராத்தாள் ஒரு ஸ்டூல் கொடுத்தாள்.

வீட்டில் என் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. ஆனால் தாழ்ப்பாள் போட்டால் ஐந்து நிமிடத்தில் அம்மா, "உள்ள என்ன பண்றே," என்று கேட்பாள். "படிக்கிறேன்" என்றால், "அதுக்கு எதுக்குத் தாப்பா" என்பாள்.

இரவு மாமா புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். பெட்ரோல் முள் பொய் காட்டுகிறதாம், குறைந்த பெட்ரோலில் பம்ப் காற்றை இழுக்கிறதாம். அப்பாவை அழைத்துப் போய் டேங்கை முழுக்க நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்.

நவம்பர் 13, புதன்

நிரம்பிய டேங்கோடு கிளம்பினேன். ஏழாவது கிலோமீட்டரிலேயே நின்றது.

ஏழாவது கிலோமீட்டரில் இருப்பது கோழிப்பண்ணை. எட்டாயிரம் கோழி. அங்கே புத்தகத்தைத் திறந்தேன், மூக்கைத் திறக்க முடியவில்லை. இருபது நிமிடம் கழித்துக் கிளம்பி, பதினைந்தாவதில் மறுபடி நின்று, இருபத்தைந்தாவதில் மறுபடி நின்று, போய்ச் சேரும்போது 9.40.

மூன்றாவது தாமதம். பிற்பகல் கடிதம் கொடுத்தார்கள். உறையில் என் பெயரைத் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள்: ந. பூங்கோதை. சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

இன்னொரு தாமதம் வந்தால் டிசம்பரில் நான் வீட்டில் இருப்பேன். முழு நாளும். தாழ்ப்பாள் போடாமல்.

குறித்து வைக்கிறேன்: பெட்ரோல் குறைவாக இருந்தால் தூரம் ஓடுகிறது, நிரம்பியிருந்தால் சீக்கிரம் நிற்கிறது. மாமா சொன்னதற்கு நேர் எதிர். ஒருவர் இவ்வளவு துல்லியமாகத் தப்பாகச் சொல்வதும் ஒருவகையில் துப்புதான்.

நவம்பர் 15, வெள்ளி

நேற்றும் இன்றும் ஏழு மணிக்கே கிளம்பித் தாமதத்திலிருந்து தப்பினேன். கடிதத்தை மறைத்து வைத்திருந்தேன். அம்மா என் பையில் டிபன் டப்பாவைத் தேடும்போது எடுத்துவிட்டாள். மாலையில் சபை கூடியது.

மாமா: "நான் மொதல்லயே சொன்னனுங்க. வண்டி மேல தப்பில்ல. மச்சான் ஓட்டுனா நிக்குதா? சாகுலு ஓட்டுனா நிக்குதா? நின்னா இதுகிட்டத்தான் நிக்குது."

அம்மா: "அத்தன தூரம் இதுதான ஓட்டுது."

மாமா: "நீ சித்தெ இரு அக்கா. காபித்தண்ணி ஏதாச்சும் இருக்குதா பாரு."

அம்மா உள்ளே போனாள். இந்தப் பத்து நாளில் அறிவோடு பேசிய ஒரே ஆளைக் காபி போட அனுப்பிவிட்டோம்.

அப்பா கடிதத்தை மடித்து உறையில் போட்டார். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழம குலதெய்வக் கோயிலுக்குப் போறம்ல. கோதை காலேஜைத் தாண்டித்தான் போகோணும். நானே ஓட்டறேன். எங்கிட்டயும் நின்னுச்சுன்னா வண்டியில கோளாறு, பாத்துச் சரி பண்ணிக்கலாம். நிக்காமப் போச்சுன்னா..."

அப்பா முடிக்கவில்லை. அவர் முடிக்காத வாக்கியங்களை முடித்து வைப்பதற்கென்றே மாமா இருக்கிறார்.

"நிக்காமப் போச்சுன்னா சாவியக் குடுத்துப்போட்டு வேலைக்கு ஒரு கும்புடு போட்டர வேண்டீதுதான். நாளைக்குக் கல்யாணம் ஆயிப் போற எடத்துல டிரைவரே இருக்கப்போறான்."

அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மில்லில் ஒரு நூற்பு இயந்திரம் நின்றால் அதைத் தொட்டுப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, காரணம் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வராத மனிதர். முப்பத்தோரு வருடம் அப்படி இருந்தவர். எனக்கு மட்டும் நீதிமன்றம்.

நவம்பர் 18, திங்கள்

இன்று ஒன்று நடந்தது. அவசரப்படாமல் எழுத வேண்டும்.

மாலை. டேங்க் பாதிக்கு வந்துவிட்டதால் கார் பழையபடி மாராத்தாள் கடையில் நின்றது. (கோழிப்பண்ணையிலிருந்து மீண்டுவிட்டோம்.) முள் உண்மையிலேயே பொய் காட்டுகிறதா என்று எனக்கும் ஒரு சந்தேகம். மாராத்தாளிடம் நீளமாக ஒரு ஈர்க்குச்சி கேட்டேன், டேங்கில் விட்டு அளந்து பார்க்க.

பெட்ரோல் மூடியைச் சாவி போட்டுத் திருகினேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். யாரோ நெடுநேரம் மூச்சைப் பிடித்திருந்து விட்டதுபோல. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. மூடியில் வைத்திருந்த விரல் அதை உணர்ந்தது.

"பாம்பா?" என்றாள் மாராத்தாள், கையில் அரிவாளோடு.

அளந்தேன். முள் சொன்னது சரிதான். மூடியைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பியது. நின்று நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

மாராத்தாள் சீவிய இளநீரை நீட்டிக்கொண்டே நின்றாள். "என்ன கண்ணு, இன்னிக்கு இருக்கமாட்டியா?"

நவம்பர் 19, செவ்வாய்

காலை: நின்றதும் மூடியைத் திறந்தேன். உஸ். உடனே கிளம்பியது.

மாலை: நின்றதும் மூடியைத் தொடவில்லை. ஐந்தாம் நிமிடம் முயன்றேன், இல்லை. பத்து, இல்லை. பதினைந்து, இல்லை. இருபத்தொன்றில் கிளம்பியது.

சோதனை என்றால் இரண்டு பக்கமும் செய்துபார்க்க வேண்டும் அல்லவா. அதற்காகத்தான் மாலையில் காத்திருந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

காரின் கையேடு முன்பெட்டியில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. ஆனால் உறையின்மேல் சந்தனப்பொட்டும் குங்குமமும் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று கையேட்டுக்கும் வைப்பார் அப்பா. எங்கள் வீட்டில் புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை இதுதான். பொட்டு வைப்போம். திறக்கமாட்டோம்.

மதியம் நூலகத்தில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். பதினோராயிரம் புத்தகம் இருக்கும் இடத்தில் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றை இப்படிப் பசியோடு படித்ததை நூலகர் விநோதமாகப் பார்த்தார். எரிபொருள் பகுதியில் ஒரு வரி: டேங்க் மூடியில் சிறிய காற்றுத்துளை உண்டு, அது அடைபடக் கூடாது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து பெட்ரோலை வரவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். என்ஜினுக்கு வயிறு காயும். நின்றால் இடுக்குகளில் காற்று மெல்லக் கசிந்து, சற்றுநேரத்தில் சரியாகிவிடும்.

டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம். அதனால் சீக்கிரமே திணறும். எல்லாம் பொருந்துகிறது. மூன்று கிலோமீட்டர் போகிறவருக்கும் நான்கு கிலோமீட்டர் போகிறவருக்கும் இது ஆயுளுக்கும் தெரியப்போவதில்லை.

கார் நிறுத்துமிடத்துக்குப் போய் மூடியைப் பார்த்தேன். சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில் துளை இருக்க வேண்டும். துளை இல்லை. சந்தனம் இருந்தது. மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று இருபத்து மூன்று ஆயுத பூஜைகள், பாறை அடுக்குபோல இறுகியிருந்தன. மில்லில் அப்பாவுக்கு ஒரு விதி உண்டு: எந்தெந்த இடம் திறக்குமோ அந்தந்த இடத்துக்கெல்லாம் பொட்டு. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது, மனத்தாங்கல் வரும். காரில் என்றால் கதவுப் பூட்டு நான்கு, டிக்கி, பானட், பெட்ரோல் மூடி. போன மாதத்துப் பொட்டு கடைசி இடுக்கையும் மூடியிருக்கிறது.

கையில் ஊசி இருந்தது. நூலக அட்டைகளைக் கோர்க்கும் ஊசி. ஒரு நிமிட வேலை.

ஊசியைப் பையில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்று குத்திவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அப்பா கையில் கார் வெண்ணெயாக ஓடும். மாமா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். வழக்கு முடிந்தது, சாவி போயிற்று. சொல்லிவிடலாம் என்றால், யாரிடம்? "சந்தனம் வெச்சதால கார் நிக்குது" என்று ஒரு பெண் சொன்னால், காரோடு சேர்த்து எனக்கும் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் பதினைந்தாவது கிலோமீட்டரில் நானே நிறுத்தி, மூடியை ஒரு தடவை திறந்து மூடிக்கொண்டேன். 8.31க்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாலையில் அப்படிச் செய்ய மறந்துவிட்டேன். மாராத்தாள் கடையில் நின்றது. நின்ற பிறகும் மூடியைத் திறக்க ஞாபகம் வரவில்லை. பதினோராயிரம் புத்தகங்களின் அலமாரி எண் நினைவிருக்கும் ஒருத்திக்கு இதெல்லாம் மறந்துபோகும். ஐம்பத்திரண்டு பக்கம்.

நவம்பர் 23, சனி

அப்பா காரைக் கழுவினார். அம்மா நாளைக்குப் பொங்கல் வைக்க அரிசி, வெல்லம், பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

கழுவித் துடைத்தபின் அப்பா ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார். ஆயுத பூஜை இல்லைதான், குலதெய்வத்துக்குப் போவதால். பானட்டுக்கு வைத்தார். ஸ்டீயரிங்குக்கு வைத்தார். பிறகு பின்பக்கம் வந்து, பெட்ரோல் மூடிக்கும் வைத்தார். கட்டைவிரலால் அழுத்தி. மேலே குங்குமம்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, அங்க வேண்டாமுங்க" என்று சொல்ல வாய் வந்தது. அவர் குனிந்து அந்தப் பொட்டு வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் காது குத்தின அன்றும் இப்படித்தான் குனிந்து பார்த்தாராம், அம்மா சொல்வாள்.

சொல்லவில்லை. பத்து விரல் நகத்தையும் வெட்டி முடித்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அப்பா ஓட்டினார். பக்கத்தில் மாமா. பின்னால் அம்மா, நடுவில் பொங்கல் பாத்திரம், இந்தப் பக்கம் நான். சாகுல் அண்ணன் தன் வண்டியில் பின்னால் வந்தார்; நிபுணர் சாட்சி வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார்.

ஊரைத் தாண்டும் முன் மாமா, "டேங்கை ரொப்பிக்கலாமுங்க மச்சான். சோதன பண்றம்னா முழுசாப் பண்ணோணும்," என்றார்.

நிரப்பினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னந்தோப்பும் இளநீரும் இருக்கும் இடத்தில் இந்த விசாரணை நடக்கும் என்று நினைத்திருந்தேன். மாமா அதைக் கோழிப்பண்ணைக்கு மாற்றிவிட்டார்.

ஐந்து கிலோமீட்டர். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "பாத்தியா அம்மிணி, கையிங்கறது இதுதான்."

ஆறு. "சத்தத்தக் கேளு. எப்படி ஓடுது."

ஏழு. இரண்டு உதறல். கேட்பதற்குச் சத்தம் இல்லை.

அப்பா காரை ஓரமாக ஒதுக்கினார். சாவியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். ஜன்னல் வழியாக வாடை உள்ளே வந்து எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது.

"கிளட்ச்சு மேல காலை வெச்சிருந்தீங்களாட்டமிருக்குது," என்றார் மாமா.

"நான் ஒண்ணும் பண்ணலடா மாப்ள," என்றார் அப்பா.

என் வாக்கியம் அது. பதினெட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவின் குரலில் கேட்க நன்றாகத்தான் இருந்தது என்று எழுதினால் கெட்ட பெண் ஆகிவிடுவேன். நன்றாக இருந்தது.

சாகுல் அண்ணன் வந்து பானட்டைத் திறந்தார். கார்புரேட்டர் என்றார். இக்னிஷன் காயில் என்றார். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு காரணம் கண்டுபிடித்தார்.

"கோதை உள்ள உக்காந்திருக்குதல்லீங்க மச்சான். அதுக்கு இப்ப நேரஞ் சரியில்ல. சோசியர் போன மாசமே சொன்னாரு. ஒருத்தரோட கிரகம் வண்டியையே நிறுத்திப்போடும்."

ஓட்டினாலும் நான். பின்னால் உட்கார்ந்தாலும் நான். வீட்டில் இருந்திருந்தால், வழியனுப்பியது நான்.

அம்மா மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள். "ஏண்டா வேலு, எட்டாயிரம் கோழி நாத்தமடிக்குது. அதுக்கும் எம்புள்ளையோட கிரகந்தான் காரணமா? சித்தெ வாய மூடு. மூக்காச்சும் தப்பிக்கட்டும்."

அம்மா தன் தம்பியிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான் இறங்கினேன். ஜன்னல் பக்கம் போய், "அப்பா, சாவியக் குடுங்க," என்றேன்.

"எதுக்கு கண்ணு?"

"குடுங்கப்பா."

கொடுத்தார். பின்பக்கம் போய் மூடியில் சாவியைப் போட்டேன். நேற்றைய சந்தனம் விரலில் ஒட்டியது. திருகினேன். உஸ்ஸ். பானட்டுக்குள் இருந்த சாகுல் அண்ணனின் தலை வெளியே வந்தது. மூடியைத் திரும்பப் போட்டேன். அப்பாவிடம் சாவியைக் கொடுத்து, "இப்ப எடுங்க," என்றேன்.

எடுத்தார். நான்கைந்து சுற்றுச் சுற்றியதும் பிடித்தது.

அண்ணன் நேராக வந்து மூடியைக் கழற்றினார். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நான் பையிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் குத்தித் துருவினார். கட்டியாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அந்தக் கோழி நாற்றத்துக்கு நடுவில் ஒரு நொடி சந்தன மணம்.

"காத்து ஓட்டைய அடச்சிருக்குது. இதுல போயி எவன் சந்தனத்த அப்..." என்று ஆரம்பித்தவர், அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்தார். "அந்தக் காலத்து மூடி சார். நெம்பச் சின்ன ஓட்டையா வெச்சுப்போட்டானுங்க," என்று முடித்தார்.

கோயிலில் பொங்கல் பொங்குவதற்குக் காத்திருந்தபோது அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"வியாழக்கெழம."

"நேத்து நான் பொட்டு வெக்கறப்பப் பாத்துட்டே இருந்த."

"ஆமாங்கப்பா."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அப்பா பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மையான மனிதர். பதில் தெரிந்திருந்ததால் சொல்லவில்லை.

திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார். அவர் முன்னால் உட்கார்ந்தார். மாமா பின்னால், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு. முழுத் தூரமும் எங்கும் நிற்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

7.50க்குக் கிளம்பினேன். 8.33க்கு விரல் வைத்தேன். வழியில் மாராத்தாள் கடையைத் தாண்டும்போது அவள் வேம்படியில் ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள். நான் ஹார்ன் அடித்தேன். கார் ஓடிக்கொண்டே இருந்தது.

மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: தான் டேங்கை நிரப்பச் சொன்னதால்தான் கோளாறு ஏழே கிலோமீட்டரில் அகப்பட்டது என்று. இதில் கொடுமை, அது உண்மை.

நவம்பர் 28, வியாழன்

நான்கு நாளாக மாலை 5.45க்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். இன்று அம்மாவோடு அவரைக்காய் ஆய்ந்தேன். மாமா வந்து ஒரு ஜாதகத்தைப் பற்றிப் பேசினார். பையனுக்குச் சொந்தமாகக் கார் இருக்கிறதாம். எத்தனை கிலோமீட்டரில் நிற்கும் என்று கேட்கவில்லை.

கார் ஒழுங்காக ஓடுகிறது. எந்தக் குறையும் இல்லை. எந்தக் குறையும் இல்லாத காரில் மனிதர் எவ்வளவு சீக்கிரம் வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்.

டிசம்பர் 2, திங்கள்

வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. இந்த உறையில் என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது.

மாலை 6.20க்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். கையேட்டை வைத்திருந்தார், உறை இல்லாமல், நடுவில் ஒரு பக்கத்தில் விரலை விட்டு.

"இன்னிக்கும் நின்னுச்சா?"

"நின்னுச்சுங்கப்பா. அதே எடத்துல."

பெட்ரோல் மூடியின் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். துளை கண் விழித்தாற்போல் திறந்திருந்தது. நிமிர்ந்தார். பின்சீட்டில் கிடந்த புத்தகத்தையும், அதில் அடையாளத்துக்கு வைத்திருந்த தென்னை ஈர்க்கையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பழைய வண்டி," என்றார். "அப்பப்ப நிக்கத்தான் செய்யும்."

உள்ளே மாமா, காயில்தான் கோளாறு, நான் அன்றைக்கே சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் நவம்பர் 24க்குப் பிறகு ஒரு நாளும் தானாக நின்றதில்லை.